தெற்கு சூடானின் லோட்டுஹோ மக்கள் எப்படி வாழ்கிறார்கள், எதை நம்புகிறார்கள், அவர்களுக்கு என்ன தேவை?

டோரிட் நகரத்துக்குப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு குடிநீர்த் திட்டத்துக்காக இரண்டு வருடம் வேலை பார்த்தேன். அங்கே பார்த்ததையும் கேட்டதையும் வைத்துச் சொல்கிறேன். நீங்கள் கேட்டிருக்கும் மூன்றும் எனக்குத் தனித்தனியாகத் தெரியவில்லை. எதை எடுத்தாலும் தண்ணீரில்தான் வந்து நிற்கிறது.

இமடோங் மலைகளை ஒட்டிய கிழக்கு எக்குவடோரியா மாநிலம்தான் இவர்கள் பூமி. தங்களை ஓட்டுஹோ என்று சொல்லிக்கொள்வார்கள். இவர்கள் மொழி, கென்யாவின் மசாய் மக்கள் பேசும் மொழிக்கு உறவு. மாடு, ஆடு வளர்க்கிறார்கள். பெண் எடுத்தால் பரிசமாகப் போவது மாடுதான். கூடவே சோளம், எள், நிலக்கடலை போடுகிறார்கள். எல்லாம் மானாவாரி. மழை பொய்த்தால் அந்த வருடம் பட்டினிதான்.

ஊரை ஆள்வது தனி ஒரு தலைவர் இல்லை. 'மொன்யோமிஜி' என்று ஒரு தலைமுறை ஆண்கள் மொத்தமாகப் பொறுப்பேற்கிறார்கள். அந்தச் சொல்லுக்கே ஊரின் சொந்தக்காரர்கள் என்றுதான் பொருள். சுமார் இருபது வருடத்துக்கு ஒருமுறை அடுத்த தலைமுறையிடம் ஊரை ஒப்படைக்கும்போது, பழைய நெருப்பையெல்லாம் அணைத்துவிட்டு, கட்டையைக் கடைந்து புதுத் தீ உண்டாக்கி அதை வீடுவீடாக எடுத்துப் போவார்கள்.

1860களில் இந்த வழியாகப் போன ஆங்கிலேயப் பயணி சாமுவேல் பேக்கர், இப்பக்கத்து மக்களுக்குக் கடவுள் நம்பிக்கையே கிடையாது என்று எழுதிவைத்தார். அது தவறு. இவர்களுக்கு அஜோக் என்ற கடவுள் உண்டு. ஒரு தாய் அழுது கேட்டதால் செத்துப்போன அவள் பிள்ளையை அஜோக் எழுப்பிக் கொடுத்தாராம். தகப்பன் கோபப்பட்டு அந்தப் பிள்ளையை மறுபடி கொன்றுவிட்டான். அன்றோடு, இனி யாரையும் எழுப்பமாட்டேன் என்று அஜோக் சொல்லிவிட்டாராம். சாவு ஏன் நிரந்தரமானது என்பதற்கு இவ்வளவு வலிக்கிற கதையை நான் வேறெங்கும் கேட்டதில்லை. இன்று நிறையப் பேர் கத்தோலிக்கர்கள். ஆனாலும் பழைய நம்பிக்கை முழுசாகப் போய்விடவில்லை.

மழையை அழைக்கும் பொறுப்பு ஒரு குறிப்பிட்ட குடும்பத்தாருக்கு உண்டு. அந்த மழைராஜாவை 'ஹோபு' என்பார்கள். மழை வந்தால் மரியாதை. வராவிட்டால் வேண்டுமென்றே தடுத்துவிட்டார் என்று பழி. வறட்சியில் மொன்யோமிஜி மழைராஜாவைக் கொன்ற சம்பவங்களும் இந்தப் பகுதி வரலாற்றில் உண்டு. இதை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனசு வருவதில்லை. வானத்தை நம்பியே வாழ்கிறவர்கள், அதற்கும் கணக்குக் கேட்க ஒருவர் வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

சரி, தேவைக்கு வருகிறேன். அங்கே பல ஊர்களில் நிற்பது நம் ஊரில் பார்த்துப் பழகிய அதே 'இந்தியா மார்க் 2' அடிபம்புதான். கோடையில் விடியும் முன்பே மஞ்சள் நிற இருபது லிட்டர் கேன்கள் வரிசையில் நிற்கும். ஆள் இல்லாத இடத்தில் ஒரு கல் இடம் பிடித்திருக்கும். நான் போன முதல் மாதம் ஒரு ஊரில் பம்பு நின்றுபோய், பெண்கள் ஆற்றுமணலைத் தோண்டி, ஊறி வரும் கலங்கல் தண்ணீரைச் சுரைக்குடுக்கையால் மொண்டுகொண்டிருந்தார்கள். பைப்பைக் கழற்றி மேலே எடுத்துப் பார்த்தால், தேய்ந்துபோன ஒரு வாஷர். உள்ளங்கையில் அடங்கிவிடும். அதை மாற்ற ஆளும் இல்லை, விற்கக் கடையும் இல்லை.

ஆள் இல்லாததற்குக் காரணம் போர். 1955 ஆகஸ்ட் 18இல் டோரிட் படைமுகாமில் வெடித்த கலகத்திலிருந்துதான் சூடானின் முதல் உள்நாட்டுப் போரைக் கணக்கிடுகிறார்கள். 2011இல் தெற்கு சூடான் தனி நாடானது. 2016இல் இந்தப் பக்கமும் சண்டை பரவி, கைத்தொழில் தெரிந்தவர்கள் பலர் உகாண்டா, கென்யா அகதி முகாம்களுக்குப் போய்விட்டார்கள். இன்னொரு பக்கம் துப்பாக்கியோடு மாடு திருட வரும் கூட்டம். தூரத்து வயலுக்குப் போகவே பயம்.

அதனால் உதவ நினைக்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: புதுக் கிணறு தோண்டிப் பெயர்ப்பலகை வைக்கும் முன், இருக்கிற பம்புக்கு உதிரிபாகம் கொடுங்கள், பழுதுபார்க்க ஊர்ப் பெண்களுக்கே கற்றுக்கொடுங்கள். நாங்கள் பழக்கிய பெண்களில் ஒருவர், முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டே ஸ்பானர் பிடிப்பார். நான் கிளம்புகிற வாரம், என்னைக் கூப்பிடாமலேயே ஒரு பம்பைப் பிரித்து மாட்டி முடித்திருந்தார்.