இலங்கைத் தேயிலையின் அடுத்த இருபது ஆண்டுகள்: கேள்வி பதில்

மலையகத் தொழிற்சாலைகளில் டீமேக்கராகவும் பின்னர் கொழும்பில் தரகு நிறுவனமொன்றின் சுவைக்கூடத்திலும் நான் வேலை செய்த ஆண்டுகளைக் கூட்டினால் முப்பதைத் தாண்டும். இலங்கைத் தேயிலையின் வருங்காலம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (பேராதனையிலிருந்து ஒரு மாணவர்): ஐயா, உற்பத்தி இவ்வளவு குறைந்ததற்கு 2021ஆம் ஆண்டின் பசளைத் தடை மட்டும்தானா காரணம்?

தடை பெரிய அடிதான், ஆனால் அது ஏற்கெனவே தளர்ந்திருந்த உடலின் மேல் விழுந்த அடி. 2013இல் நாம் ஏறத்தாழ 340 மில்லியன் கிலோ தேயிலை உற்பத்தி செய்தோம். 2022இல் அது 250 மில்லியன் கிலோ அளவுக்கு இறங்கியது. இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டது 2021இன் முற்பகுதியில். அதே ஆண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. நாட்கணக்கில் பார்த்தால் சில மாதங்களே. ஆனால் தேயிலைச் செடி நெற்பயிர் அல்ல. பல ஆண்டுகள் ஒரே வேரில் நின்று வாரந்தோறும் கொழுந்து கொடுக்கும் செடிக்கு நைதரசன் கிடைக்காமல் போனால் அதன் இருப்பு கரைந்துவிடும். மீண்டும் பசளை போட்ட மறுவாரமே அது எழுந்து நிற்காது. தடை நீங்கிய பின்னரும் ரூபாயின் வீழ்ச்சியால் பசளை விலை எட்டாத உயரத்துக்குப் போனதை இதனோடு சேர்த்துப் பாருங்கள்.

ஆயினும் 2013க்கும் 2021க்கும் இடையிலேயே இறக்கம் தொடங்கிவிட்டது என்பதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. மலைநாட்டின் பல தோட்டங்களில் வெள்ளைக்காரன் காலத்தில் விதை போட்டு வளர்த்த செடிகளே இன்னும் நிற்கின்றன. ஆண்டுக்கு 2 சதவீத நிலத்திலாவது மறுநடுகை செய்ய வேண்டும் என்பது நெடுநாள் பரிந்துரை; அதை எட்டியவர்கள் மிகச் சிலரே. பழைய செடியைப் பிடுங்கி, மண்ணைத் தேற்ற ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் மானாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து, பிறகு நாற்று நட்டு, முழுப் பறிப்புக்கு வரும்வரை இன்னும் மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். 1992இல் தோட்டங்களைப் பொறுப்பேற்ற கம்பனிகளின் குத்தகை 2045இல் முடிகிறது. முதலீட்டைத் திரும்ப எடுக்கவே பல ஆண்டுகள் பிடிக்கும் மறுநடுகையில், குத்தகை முடியும் நாள் கண்ணுக்குத் தெரியும்போது யார் காசைப் போடுவார்? குத்தகைக் காலம் பற்றிய தெளிவான முடிவு இல்லாமல் உற்பத்தி இலக்கு பற்றிப் பேசுவதில் பொருளில்லை என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி (மஸ்கெலியாவில் பிறந்து கொழும்பில் வேலை செய்யும் வாசகர்): எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்க ஆள் இல்லை. இனி இயந்திரம்தானா?

ஓரளவுக்கு ஆம், முழுமையாக அல்ல. கத்தரியும் மின்கலத்தில் இயங்கும் பறிப்புப் பொறிகளும் ஏற்கெனவே மலைக்கு வந்துவிட்டன. கென்யாவில் பெரிய கம்பனிகள் இதில் நம்மை விட வெகுதூரம் முன்னே போய்விட்டன. 2023இல் கெரிச்சோ பகுதியில் வேலை இழந்தவர்கள் பறிப்பு இயந்திரங்களைத் தீயிட்டதும் அதனால்தான். ஆனால் கென்யா செய்வது பெரும்பாலும் சி.டி.சி. தேயிலை. இலையைப் பொடியாக வெட்டிச் சுருட்டும் அந்த முறையில் சற்று முற்றிய இலை கலந்தாலும் பெரிதாகத் தெரியாது. நாம் செய்வது பெரும்பாலும் ஓர்தடொக்ஸ்: இலையை வாட்டி, உருட்டி, முறுக்கு உடையாமல் எடுக்கும் முறை. இதற்கு இரண்டு இலையும் ஒரு மொட்டும் வேண்டும். இயந்திரம் ஒரே மட்டத்தில் வெட்டுமே தவிர, எது கொழுந்து, எது முற்றல், எது அடுத்த வாரத்துக்கு விட வேண்டிய அரும்பு என்று அதற்குத் தெரியாது. அத்துடன் மலைச் சரிவும் கல்லும் நம் தோட்டங்களில் கொஞ்சமல்ல.

எனது கணிப்பில், சமதளமான நிலமும், விதையிலிருந்து அல்லாமல் வெட்டுத்துண்டிலிருந்து வளர்த்த ஒரே சீரான வீ.பி. செடியும் உள்ள மலைகளில் இயந்திரம் நிலைபெறும். நல்ல விலை போகும் மலைகளில் கை நிற்கும். அந்தக் கைக்கு என்ன கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாய், 2024இல் 1350 ரூபாய். 2026க்கான வரவுசெலவுத் திட்டத்தில் அடிப்படைச் சம்பளம் 1550 ரூபாயாகவும், அதற்கு மேல் வேலைக்கு வருவதற்காக அரசு தரும் வரவுக் கொடுப்பனவு 200 ரூபாயாகவும் அறிவிக்கப்பட்டது. இத்தொகைகளுக்காக மக்கள் எத்தனை ஆண்டுகள் தெருவில் நின்றார்கள் என்பது உங்களுக்கே தெரியும். உங்கள் வயதுக்காரர்கள் கொழும்புக்கு வந்ததற்குச் சம்பளம் மட்டுமே காரணம் அல்ல, வரிசை வீடான லயத்து அறையும் மேற்பார்வையாளரின் அதட்டலும் காரணம் என்று எனக்குச் சொன்னவர்கள் பலர். அவர்கள் சொன்னது சரியென்றே நான் நினைக்கிறேன்.

கேள்வி (இரத்தினபுரியிலிருந்து ஒரு சிற்றுடைமையாளர்): எனக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. இதை நம்பி இருக்கலாமா?

இருக்கலாம். நாட்டின் உற்பத்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு உங்களைப் போன்றவர்களிடமிருந்தே வருகிறது. ஆனால் தேயிலை என்றதும் எல்லோர் கண்ணிலும் வருவது நுவரெலியாவின் பெரிய தோட்டம்தான். 600 மீற்றருக்குக் கீழ் விளையும் தாழ்நிலத் தேயிலையின் கறுத்த, நன்கு முறுக்கிய இலைக்கு ஈராக், துருக்கி, ஈரான், ரஷ்யா ஆகிய நாடுகளில் நிலையான வாடிக்கை இருக்கிறது. உங்கள் கொழுந்தின் விலையும் கொழும்புத் தேயிலை ஏலத்தோடு கட்டப்பட்டது: விற்பனை வருமானத்தில் 68 சதவீதம் கொழுந்து தந்தவருக்கு, 32 சதவீதம் தொழிற்சாலைக்கு என்பதே கணக்கு.

ஆபத்தும் இதே வாடிக்கையில்தான் இருக்கிறது. வாங்கும் நாடுகளில் பல, போரோ பொருளாதாரத் தடையோ நாணய வீழ்ச்சியோ அடிக்கடி காணும் நாடுகள். ஈரானிடம் எண்ணெய் வாங்கிய 251 மில்லியன் டொலர் கடனைத் தேயிலையாகவே திருப்பிக் கொடுக்க 2021 டிசம்பரில் உடன்பாடு செய்ய வேண்டியிருந்தது இதனால்தான். 2017 டிசம்பரில் ஒரு சரக்கில் வண்டு கண்டதற்காக ரஷ்யா சில நாட்கள் நம் தேயிலையையே நிறுத்திவைத்ததும் நினைவிருக்கும்.

நீங்கள் தோட்டத்தில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பறித்த கொழுந்தைச் சாக்கில் திணித்து வெயிலில் வைக்காதீர்கள். நசுங்கிச் சூடேறிய கொழுந்து எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் சுவைக்கூடத்துக் கோப்பையில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். சாறு மந்தமாகவும் ஒருவித வேகல் வாடையோடும் இருக்கும்; அந்த ஒரு கோப்பையால் முழுச் சரக்கின் விலையும் இறங்குவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி (பதுளையிலிருந்து ஓர் ஆசிரியை): காலநிலை மாற்றம் ஊவாத் தேயிலையின் சுவையையே மாற்றிவிடும் என்கிறார்களே?

ஊவாவின் பெயர் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றால் கிடைத்தது. அந்தக் காற்றில் செடி தவிக்கிறது. தவிப்பில் கொழுந்து மெதுவாக வளர்கிறது. அதிலிருந்துதான் அந்தப் புதினா போன்ற வாசனை பிறக்கிறது. மலைநாட்டின் மேற்குச் சரிவிலுள்ள டிம்புள்ளைக்கு இதே காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. காற்று வரவேண்டிய வாரங்களில் மழை விழுந்தால் அந்த ஆண்டுக்கு அந்தச் சுவை இல்லை. தொழிற்சாலையில் எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் அதை ஈடுசெய்ய முடியாது. ஆகவே பருவத் தேயிலை அரிதாகும், அரிதாவதால் அதன் விலையும் ஏறும் என்று எதிர்பார்க்கிறேன். அதைத் தனியாகப் பொதிசெய்து ஆண்டையும் மலையையும் குறித்து விற்கும் வழக்கத்தைத் தோட்டங்கள் இப்போதே பழக வேண்டும்.

மண் பற்றியே எனக்குப் பெரிய அச்சம். 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டில் என்ன செய்தது என்பதை நீங்கள் நேரில் கண்டிருப்பீர்கள். நிழல் மரங்களான முள்முருக்கும் கிரவிலியாவும் வெட்டப்பட்டு, நீர் வடியும் கான்கள் தூர்ந்து, செடிகளுக்கிடையே வெற்றிடம் விழுந்த சரிவுகளில் மண் நிற்காது. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் வறட்சியைத் தாங்கும் செடி வகைகளை வெளியிட்டிருக்கிறது. அவை மலைக்குப் போய்ச் சேருவதற்கு முதல் பதிலில் சொன்ன மறுநடுகைதான் ஒரே வழி.

கேள்வி (ஏற்றுமதித் துறையில் வேலை செய்யும் இளம் வாசகி): போத்தலில் அடைத்த குளிர்த் தேநீர், மச்சா என்றெல்லாம் உலகம் போகிறது. நாம் பின்தங்குகிறோமா?

குளிர்த் தேநீர் வளர்கிறது என்பது உண்மை. ஆனால் ஒரு போத்தலுக்குள் போகும் தேயிலைச் சாறு மிகக் கொஞ்சம். மீதி நீரும் சீனியும் வாசனையும். அங்கே இலாபம் பெயருக்கும் விநியோகத்துக்கும் போகுமே தவிர மலைக்கு வராது; விலை குறைந்த சாற்றுக்காக நாம் வேறு நாடுகளோடு போட்டியிட வேண்டியும் வரும். மச்சா அதைவிட வேறு கதை. அதற்கென்றே தேர்ந்தெடுத்த செடி, பறிப்புக்கு முன் வாரக்கணக்கில் நிழல்மூடி, நீராவியில் வேகவைத்தல், கல் அரைப்பு என்று யப்பானில் தலைமுறைகளாக வந்த தொழில் அது. விலை ஏறியிருக்கிறதே என்று அரைகுறையாகத் தொடங்கினால் பெயர் கெடும்.

நமக்கு வலிமை வேறு இடத்தில் இருக்கிறது. நம் ஏற்றுமதியில் ஏறத்தாழ பாதி இன்னும் மொத்தச் சரக்காகப் போய் வேறு ஊரில் வேறு பெயர் பெறுகிறது. 2023இல் மறைந்த மெரில் ஜே. பெர்னாண்டோ, தன் டில்மா என்ற தேயிலைப் பெயர் மூலம், விளைந்த நாட்டிலேயே பொதிசெய்து சொந்தப் பெயரில் விற்க முடியும் என்று காட்டினார். தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை, இங்கே விளைந்து இங்கேயே பொதிசெய்த கலப்பற்ற தேயிலைக்கு மட்டுமே உரியது. அதை இன்னும் துணிவாகப் பயன்படுத்தலாம். உங்களைப் போன்ற இளையோர் தோட்டத்தின் பெயரையும் அங்கு பறிப்பவர்களின் நிலையையும் வெளிநாட்டுப் பாவனையாளருக்கு ஒளிக்காமல் சொல்லி விற்கப் பழகினால், போத்தலை விட அதில் எதிர்காலம் இருக்கிறது.

கேள்வி (கொழும்பிலிருந்து): வெளிநாட்டுத் தேயிலையைக் கொண்டுவந்து இங்கே கலந்து ஏற்றுமதி செய்தால் என்ன?

ஒரு செடியும் வளராத துபாயில் அதைச் செய்கிறார்கள். துறைமுக வருமானம் கிடைக்கிறது. இங்கும் அளவோடு, தனிப் பெயரில் செய்யலாம். சிங்க இலச்சினை அதன் பக்கம் நெருங்கவே கூடாது.

கேள்வி (கோத்தகிரியிலிருந்து): நீலகிரிக்கும் இதே எதிர்காலம்தானா?

பல வகையில் ஒரே நோய். அங்கும் சிறு விவசாயி கொழுந்து விலைக்காகப் போராடுகிறார். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இங்கிருந்து அனுப்பப்பட்ட எங்கள் மக்களுக்கு வேலை தந்த தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தில், அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் இன்று கொழுந்துக் கூடையை விட்டு விலகிக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி (தலவாக்கலையிலிருந்து ஒரு தாய்): தோட்டத்தில் செடிகளைப் பிரித்துக் குடும்பங்களுக்குக் கொடுக்கும் முறை வருகிறது. கையெழுத்துப் போடலாமா ஐயா?

அம்மா, இத்துறையில் நடக்கும் மாற்றங்களில் நான் மிகவும் நம்பிக்கை வைத்திருப்பது இதில்தான். குறித்த எண்ணிக்கைச் செடிகளை உங்கள் குடும்பம் பார்த்துக்கொள்ளும். பசளையும் ஆலோசனையும் கம்பனி தரும். கொழுந்தைக் கிலோக் கணக்கில் வாங்கிக்கொள்ளும். தாழ்நிலத்தில் சிற்றுடைமையாளர் செடியைத் தன் பிள்ளைபோல் பார்ப்பதால்தான் அங்கே விளைச்சல் கூடுதல்; அதே அக்கறை மலையிலும் வரும். ஆனால் நிலம் உங்கள் பெயருக்கு வராமல் வேலைப்பளு மட்டும் உங்கள் தோளுக்கு வரும் ஒப்பந்தங்களும் உண்டு.

கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதித் தரக் கேளுங்கள். கிலோவுக்குரிய விலை ஏல விலையோடு ஏறி இறங்குமா, இல்லை கம்பனி நினைத்தபடியா என்று பாருங்கள். ஊழியர் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் தொடருமா என்று கேளுங்கள். நாட்சம்பளத்தை விட்டு வெளியேறும்போது பலர் இழப்பது அதைத்தான். செடிகள் எத்தனை ஆண்டுகள் உங்களிடம் இருக்கும், உங்களுக்குப் பிறகு பிள்ளைக்குப் போகுமா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சாக மட்டும் சொன்னால், கையெழுத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்து, உங்கள் தொழிற்சங்கத்தில் ஒருவரிடம் அந்தத் தாளை முழுவதும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.