அமெரிக்காவில் பழைய கத்தோலிக்கக் கோயில்கள் பலவற்றின் அருகே பங்குப் பள்ளி, அதாவது அக்கோயிலைச் சேர்ந்த மக்கள் சமூகமான ‘பங்கு’ நடத்தும் பள்ளி, இருப்பது ஏன்?

1810-இல் மேரிலாந்து மாநிலத்தின் எம்மிட்ஸ்பர்க்கில் எலிசபெத் ஆன் சீட்டன் என்ற கத்தோலிக்க அருட்சகோதரி (பெண் துறவி) தொடங்கிய இலவசப் பள்ளியையே பலரும் இதன் முன்னோடியாகச் சுட்டுவர். எனினும் இப்பள்ளிகள் பெருகியதற்கு முதன்மைக் காரணம் அச்சமே. அக்காலப் பொதுப் பள்ளிகளில் புராட்டஸ்டன்ட் சபையினரின் கிங் ஜேம்ஸ் விவிலியமே வாசிக்கப்பட்டதால், அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்து குடியேறிய கத்தோலிக்கர்கள் தம் பிள்ளைகளின் விசுவாசம் குலைந்துவிடும் என்று கவலைப்பட்டனர். 1844-இல் பிலடெல்பியாவில் இந்தப் பூசல் கலவரமாகவே வெடித்து, கத்தோலிக்கக் கோயில்கள் தீக்கிரையாயின.

1884-இல் பால்ட்டிமோரில் கூடிய ஆயர்களின் மூன்றாம் பொதுச்சங்கம், கோயில் ஒவ்வொன்றின் அருகிலும் இரண்டு ஆண்டுகளுக்குள் பள்ளி எழுப்பப்பட வேண்டும் என்றும், கடும் அலட்சியத்தால் அதற்குத் தடையாக இருக்கும் பங்குத்தந்தை பதவியிலிருந்து நீக்கப்படத் தக்கவர் என்றும் ஆணையிட்டது. எல்லாப் பங்குகளும் அதை நிறைவேற்றிவிடவில்லை. ஏழைப் பங்குகளுக்கு அது பெருஞ்சுமை.

அந்தச் சுமையை உண்மையில் தாங்கியவர்கள் அருட்சகோதரிகளே. மிகக் குறைந்த உதவித்தொகை பெற்று, நெரிசலான வகுப்புகளில் கற்பித்த அவர்களின் உழைப்புக்கு வரலாற்று நூல்கள் இன்னும் உரிய இடம் தரவில்லை என்பது என் உறுதியான கருத்து. பள்ளியைத் தெரிவு செய்யும் பெற்றோரின் உரிமையை 1925-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் நிலைநாட்டியது. 1960-களின் நடுவில் கத்தோலிக்கப் பள்ளிகளில் 50 லட்சத்துக்கும் அதிகமானோர் பயின்றனர். அதன்பின் துறவறம் ஏற்போர் குறைந்து, முழு ஊதியம் பெறும், துறவிகள் அல்லாத பொதுநிலை ஆசிரியர்களை நியமிக்க நேர்ந்ததால் கட்டணம் உயர்ந்தது. பல பள்ளிகள் மூடப்பட்டன.