கொழிஞ்சி விதை ஏன் முளைப்பதில்லை?

கொழிஞ்சி, பச்சையாகவே மண்ணில் மடக்கி உழுது உரமாக்கும் (பசுந்தாள் உரம்) செடி. விதை சொத்தை இல்லை; தோல்தான் காரணம். கொழிஞ்சி விதையின் மேல் மெழுகுப் பூச்சோடு கெட்டியான தோல் உண்டு, நீர் உள்ளே இறங்காது. விதையைக் கரடுமுரடான மணலோடு கலந்து, பளபளப்பு மங்கும்வரை தேய்க்கவும். உரலில் இடித்தால் பருப்பு உடைந்துவிடும், வேண்டாம். பிறகு இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறட்டும். காலையில் உப்பியவற்றை விதைக்கலாம். உப்பாமல் கல்லாகக் கிடப்பவற்றை மறுபடி தேய்க்க வேண்டும்.

பசுந்தாள் உரத்துக்கு என்றால் ஹெக்டேருக்கு 15 முதல் 20 கிலோ விதை. மணற்பாங்கான நிலம் போதும், நீர் தேங்கக் கூடாது. ஆரம்பத்தில் மெதுவாகத்தான் வளரும், அவசரப்பட வேண்டாம். மாடு அவ்வளவாக மேயாது என்பது வசதி.

செடி கொழிஞ்சிதானா என்று சந்தேகமா? ஒரு சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுங்கள்: நரம்பை ஒட்டி அம்புமுனை போலக் கிழியும்.