இளையோர் நாவல்களில் வில்லன்: கேள்வி பதில்

கேள்வி: சிறுவர் கதை வில்லனுக்கும் இளையோர் நாவல் வில்லனுக்கும் அடிப்படை வேறுபாடு என்ன?

பதில்: சிறுவர் கதையின் அரக்கன் ஊருக்கு வெளியே ஏதோ ஒரு குகையில் இருப்பான், அவனைக் கொன்றுவிட்டால் ஊர் பிழைத்துக்கொள்ளும். இளையோர் நாவலிலோ அவனே பெரும்பாலும் ஊரை ஆள்பவனாக இருக்கிறான். சூசன் காலின்ஸ் 2008இல் எழுதிய 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலில், 12 மாவட்டங்களிலிருந்தும் 12 முதல் 18 வயது வரையுள்ள ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் சீட்டுக் குலுக்கி எடுத்து, ஒருவர் மட்டும் எஞ்சும்வரை அந்த 24 பேரையும் மோதவிட்டு, அதை நாட்டு மக்கள் அனைவரும் தொலைக்காட்சியில் பார்த்தே தீரவேண்டும் என்று வைத்திருக்கிறது அதிபர் ஸ்னோவின் அரசு. கூடுதல் தானியமும் எண்ணெயும் வேண்டுமென்றால் ஒரு பிள்ளை தன் பெயரைக் கூடுதல் சீட்டுகளில் எழுதிக்கொடுக்கலாம் என்றும் ஒரு விதி உண்டு. ஸ்னோ கத்தியைத் தொடவே வேண்டாம். ஏழை வீட்டுப் பசியே அவருக்காக வேலை செய்துவிடும்.

கேள்வி: என் மகளுக்கு ஹாரி பாட்டர் கதைகளில் முதன்மை வில்லன் வோல்டிமோர்ட்டைவிட ஆசிரியை அம்பிரிட்ஜ் மீதுதான் ஆத்திரம் அதிகம். இது இயல்பா?

பதில்: மிக இயல்பு. வோல்டிமோர்ட்டை அவள் எங்கும் நேரில் பார்த்திருக்க மாட்டாள். ஆனால் 2003இல் வந்த ஐந்தாம் நூலில், இளஞ்சிவப்பு உடையும் குழைந்த குரலுமாக வந்து, உண்மை சொன்ன மாணவனையே 'பொய் சொல்ல மாட்டேன்' என்று அவன் கைத்தோல் கீறப்படும்படி எழுதவைக்கும் ஆசிரியையின் சாயலை, ஏதாவது ஒரு வகுப்பறையில் அவள் கண்டிருக்கக்கூடும். (எனக்கும் ஒருவர் நினைவுக்கு வருகிறார்.)

கேள்வி: வில்லனின் இளமைத் துயரத்தைச் சொன்னால் அவன் குற்றம் நியாயமாகிவிடாதா?

பதில்: காரணம் வேறு, நியாயம் வேறு. காலின்ஸ் 2020இல் எழுதிய முன்கதையில் ஸ்னோவுக்கு வயது 18. நொடித்துப்போன பெரிய குடும்பத்துப் பிள்ளை. அவனுக்காக நாம் இரங்கத் தொடங்கிய பிறகுதான், தன்னை நம்பிய நண்பனை அவன் காட்டிக்கொடுக்கிறான், நண்பன் தூக்கிலிடப்படுகிறான். வேறு வழியும் அவனுக்கு இருந்தது என்று வாசகருக்குத் தெரிவதால், இரக்கமே குற்றத்தை இன்னும் கனமாக்குகிறது.

கேள்வி: நானே ஓர் இளையோர் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். இறுதியில் நாயகி வில்லனைக் கொல்லத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. 'ஹங்கர் கேம்ஸ்' முதல் வரிசையின் மூன்றாம் நூலை (2010) இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அதில் புரட்சிப் படையின் தலைவி காயின், தோற்ற தலைநகரத்தின் பிள்ளைகளை வைத்து அதே விளையாட்டைக் கடைசியாக ஒருமுறை நடத்தலாம் என்கிறார். ஸ்னோவைக் கொல்லக் கொடுக்கப்பட்ட அம்பை நாயகி காட்னிஸ் காயின் மீது எய்கிறாள். மூன்று நூல்களாக நாம் வெறுத்துவந்த ஸ்னோவோ, சிரிப்பும் இருமலுமாக மூச்சடைத்தோ கூட்டத்தில் நசுங்கியோ இறந்துபோகிறார்; எது என்று யாருக்கும் தெரியாது, பெரிதாக யாரும் பொருட்படுத்தவும் இல்லை.