பொண்ணு சட்டம் படிக்கலாமா? மன்னார்குடி அக்காவுக்கு

அக்கா, நீங்கள் கேட்டது இரண்டு. கம்ப்யூட்டரே சட்டம் சொல்லும் காலத்தில் வக்கீல் படிப்பு எதற்கு? பொண்ணு, கோர்ட்டுக்குப் போகாமல் 'லீகல் டெக்' (சட்ட வேலைக்குக் கம்ப்யூட்டர் கருவிகள் செய்யும்) கம்பெனியில்தான் சேருவேன் என்கிறாளே, அப்படி ஒரு வேலை உண்டா?

உண்டு. முன்பு உங்கள் ஊர் ஜூனியர் வக்கீலுக்குப் பழைய தீர்ப்பு வேண்டுமென்றால் சீனியரின் அலமாரி, அதை விட்டால் பார் அசோசியேஷன் லைப்ரரி. தீர்ப்புகளைத் தொகுத்துப் போடும் ஏ.ஐ.ஆர். புத்தகங்களைச் சொந்தமாக வாங்கக் கட்டுப்படியாகாது. 2008-ல் சுஷாந்த் சின்ஹா என்ற கம்ப்யூட்டர்காரர் (வக்கீல் இல்லை, கவனியுங்கள்) இந்தியன் கானூன் தளத்தைத் தொடங்கினார். தீர்ப்புகளை யாரும் காசில்லாமல் தேடலாம், ஒன்றைத் திறந்தால் அதைப் பின்னால் எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன என்றும் பிடித்துக்கொண்டே போகலாம். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இ-எஸ்.சி.ஆர். என்ற இணையத் தொகுப்பு மூலம் தன் தீர்ப்புகளை இலவசமாகத் திறந்துவிட்டது. அதனால் வெறும் தேடலை விற்றுப் பிழைப்பது கஷ்டம். புது ஸ்டார்ட்அப்கள் கேள்வி கேட்டால் தீர்ப்போடு பதில் தரும் ஏ.ஐ.யை விற்கின்றன.

அந்தப் பதில் சரியா என்று பார்க்கத்தான் சட்டம் படித்தவர் வேண்டும். 2023-ல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி கற்பனையாகச் சொன்ன வழக்குகளை அப்படியே தாக்கல் செய்த இரண்டு வக்கீல்களுக்கும் அவர்கள் ஆபீசுக்கும் சேர்த்து 5,000 டாலர் அபராதம் போட்டார்கள்.

ஆனால் ஸ்டார்ட்அப் அடுத்த வருஷம் இருக்குமா என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. படித்து முடித்ததும் பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிவு செய்து, தொழில் செய்யத் தேவையான அகில இந்திய பார் தேர்வும் பாஸ் பண்ணி வைத்துக்கொண்டால் கம்பெனி மூடினாலும் கோர்ட் இருக்கிறது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொன்று: கீழ்க்கோர்ட்டில் தமிழ், ஹைகோர்ட் தீர்ப்பெல்லாம் ஆங்கிலம். சிட்டா, அடங்கல், குத்தகைச் சீட்டு என்று வீட்டிலேயே பார்த்து வளர்ந்து, இரண்டு மொழியிலும் படிக்கத் தெரிந்தவள் இந்தக் கம்பெனிகளுக்கு லேசில் கிடைக்கமாட்டாள்.

இந்த வாரம் அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். தமிழ்நாடு சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1955-ஐ (Tamil Nadu Cultivating Tenants Protection Act) இந்தியன் கானூனில் தேடட்டும். நிலத்தில் தன் உடலுழைப்பையோ குடும்பத்தினர் உழைப்பையோ போடுபவர்தான் அதில் குத்தகைதாரர். ஆள் வைத்துப் பயிர் பண்ணினால் என்ன ஆகும் என்று ஒரு தீர்ப்பைக் கடைசி வரி வரை படிக்கச் சொல்லுங்கள். வழக்கு பிடித்துப் போனால் சட்டம். தளம் எப்படி அதைத் தேடி எடுத்தது என்றே கேட்டுக்கொண்டிருந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ், தப்பே இல்லை. இரண்டும் என்றால் சென்னை அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப்பள்ளியில் பி.சி.ஏ. எல்.எல்.பி. இருக்கிறது. திருச்சி அரசு சட்டக் கல்லூரிக்குப் பிளஸ் டூ மார்க் போதும். தஞ்சாவூரை விட்டு அனுப்ப மனமில்லை என்றால் அங்கேயே சாஸ்த்ரா பல்கலைக்கழகம், ஆனால் ஃபீஸைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

'சில வாரத்திலேயே லீகல் டெக் சர்டிபிகேட் தருகிறோம்' என்று போன் வந்தால் பணம் கட்டாதீர்கள். திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் வேண்டுமென்றால் கிளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுதணும். அது இப்போதெல்லாம் டிசம்பரிலேயே முடிந்துவிடுகிறது, பிளஸ் டூ ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.