வடக்கன்குளம் கால்சட்டைக் கோயில்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணாச்சி, எங்க வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தைக் கால்சட்டைக் கோயில்னு ஆச்சி சொல்லுவாங்க. ஏன் அந்தப் பேரு?

பதில்: அமைப்புதான் காரணம், தம்பி. சுட்டுவிரலையும் நடுவிரலையும் விரித்து மேசைமேல் வைத்துப் பாருங்கள். விரல்கள் சேரும் இடம் பீடம், விரல்கள் இரண்டும் கால்சட்டையின் இரண்டு கால்போல் பிரியும் இரண்டு மண்டபம். 1872-இல் சேசு சபைக் குருக்கள் காலத்தில் எழும்பியது. அன்று ஒரு மண்டபம் பிள்ளைமார், முதலியாருக்கு. மற்றது நாடார் முதலான ஏனையோருக்கு. குருவானவர் நற்கருணையை உயர்த்தும்போது இரு பக்கத்தாரும் ஒரே நேரத்தில் முழந்தாளிடுவார்கள். ஆனால் இடையில் சுவர் இருந்ததால் அடுத்த மண்டபத்தில் முழந்தாளிட்டவர் முகம் தெரியாது. இரட்டைக்குழல் துப்பாக்கி என்றும் இதற்கு ஒரு பேர் உண்டு.

கேள்வி: அதற்கு இரண்டு கோயிலாகவே கட்டியிருக்கலாமே?

பதில்: ஒரே பங்கு, ஒரே பூசை. அதைப் பிரிக்கக் குருக்களுக்கு மனமில்லை. சேர்ந்து உட்கார ஒரு சாராருக்கு மனமில்லை. அந்தச் சமரசத்தைத்தான் சுவராக எழுப்பினார்கள். கட்டடக் கலையில் இது அரிய அமைப்பு என்று புகழ்வோர் உண்டு. எனக்கு அந்தத் தரைப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம் வேதனைதான் வருகிறது.

கேள்வி: புனித தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்றது இந்தக் கோயிலில்தானே?

பதில்: ஊர் இதுதான், தங்கச்சி, கட்டடம் இதுவல்ல. திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளை 1745-இல் இங்கே வந்து ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். இந்தக் கோயில் அதற்கு 127 ஆண்டு பிந்தியது. எல்லாச் சாதியாரோடும் வேற்றுமையின்றிப் பழகியவர் அவர். அவர் திருமுழுக்குப் பெற்ற ஊரிலேயே இப்படி ஒரு கோயில் எழுந்ததை மறக்க முடியவில்லை.

கேள்வி: சுவர் எப்போது போனது?

பதில்: 1910-இல் இடித்தார்கள். பிள்ளைமார் தரப்பு வழக்குப் போட்டது. சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. மைக்கேல் பிள்ளை எதிர் பார்த் என்று சட்டப் புத்தகங்களில் இன்றும் இருக்கும் வழக்கு அது. பார்த் என்பவர் அன்றைய திருச்சி ஆயர். கிறிஸ்தவராகிவிட்டபின் அடுத்தவர் பக்கத்தில் இருந்தால் தீட்டு என்று கோயிலுக்குள் உரிமை கோர முடியாது என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். சுவர் திரும்ப எழும்பவில்லை.