இயோமியின் இரண்டு விரல்கள் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணா,

பிளாக் சாபத் என்ற ஹெவி மெட்டல் குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் மறைவுக்கு நீங்கள் எழுதிய நாலு வரிக் குறிப்பைப் படித்தேன். இன்னும் எழுதியிருக்கலாம். எனக்கு வயது 49. அப்பா கோவை கணபதியில் ஒரு சின்ன ஃபவுண்டரி வைத்திருந்தார். அந்தச் சத்தத்தில் வளர்ந்ததால்தான் ஹெவி மெட்டல் எனக்குப் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன். காலேஜில் சேர்ந்த வருஷம் ஒரு அயர்ன் மெய்டன் கேசட் கைக்கு வந்தது. அன்று பிடித்தது இன்னும் விடவில்லை. 2007-ல் மெய்டன் பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸுக்கு வந்தபோது ராத்திரி பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸ் ஒரு காலை மானிட்டர் மேல் வைத்து பேஸ் கிடாரைத் துப்பாக்கி மாதிரி கூட்டத்தை நோக்கி நீட்டிய நிமிஷத்தில் அழுதுவிட்டேன்.

குழுக்களில் என் வரிசை இது: மெய்டன், ஜூடாஸ் ப்ரீஸ்ட், 1991 வரைக்குமான மெட்டாலிகா. அதற்கப்புறம்தான் பிளாக் சாபத், அதிலும் ஆஸிக்குப் பிறகு வந்த டியோ பாடிய சாபத். பெங்களூரில் மெய்டன், வீடியோவில் ப்ரீஸ்ட் என்று எல்லாவற்றையும் ரசித்தவன் நான். பார்க்கின்சன் நோய் வந்த ப்ரீஸ்ட் கிடார்காரர் க்ளென் டிப்டன் கச்சேரி முடியும்போது மேடைக்கு வந்து சில பாட்டுகள் வாசித்ததைப் பார்த்துக் கண் கலங்கியிருக்கிறேன். ஆனால் பர்மிங்ஹாமின் வில்லா பார்க் மைதானத்தில் நடந்த கடைசிக் கச்சேரியில் ஆஸியை நாற்காலியில் உட்கார்த்தி வைத்துப் பாடவிட்டது பரிதாபம். வியாபாரத்துக்காக ஒரு நோயாளியைக் காட்சிப்பொருளாக்கிவிட்டார்கள்.

கேட்க வந்தது வேறு. ப்ளஸ் டூ படிக்கும் மகன் எலெக்ட்ரிக் கிடார் கேட்கிறான். அவன் கேட்பதெல்லாம் மெட்டலிலேயே இன்னும் முரட்டுத்தனமான டெத் மெட்டல். சாத்தான், பிணம் என்று அட்டையில் வருவதைப் பார்த்து என் மனைவி பயப்படுகிறாள். வாங்கித் தரலாமா? விரல் போன பிறகும் விடாமுயற்சியால் ஜெயித்த பிளாக் சாபத் கிடார்காரர் டோனி இயோமியின் கதையை அவனிடம் அடிக்கடி சொல்வேன். தன்னம்பிக்கைக்கு அதைவிட நல்ல உதாரணம் உண்டா?

கோவையிலிருந்து ஒரு வாசகர் (பெயர் வேண்டாம் என்கிறார்)

அன்புள்ள தம்பிக்கு,

கிடார் வாங்கிக் கொடுங்கள். பழையதாக இருந்தாலும் போதும். ஹெட்போன் மாட்டி வாசிக்கும் வசதியுள்ள சின்ன ஆம்ப்ளிஃபயராகப் பாருங்கள், அக்கம்பக்கத்து வீடுகளின் சாபம் வேண்டாம். சாத்தான் விஷயத்தில் உங்கள் மனைவியிடம் ஒன்று சொல்லுங்கள். பிளாக் சாபத்தின் முதல் ஆல்பம் தொடங்கும்போது மழையும் மணியும் கேட்டு, பிறகு மூன்று சுரம் வரும் இல்லையா? அந்தச் சுரங்களுக்கு நடுவிலுள்ள தூரத்தைத்தான் ஐரோப்பாவில் முன்பே பிசாசின் இடைவெளி என்றெல்லாம் சொல்லியிருந்தார்கள். ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்யமம். நம் ஊரில் கல்யாணி பாடுகிற குழந்தைகள் தினமும் தொடுகிற மத்யமம். பிளாக் சாபத் என்ற பெயரே ஒரு பேய்ப்படத்தின் பெயர்தான். பயப்படுவதற்குக் காசு கொடுத்து ஜனங்கள் தியேட்டர் வாசலில் வரிசை கட்டுகிறார்கள் என்றால் பாட்டிலும் பயமுறுத்தலாமே என்ற கணக்கு. அந்தக் குழுவுக்குப் பாட்டு எழுதிய கீசர் பட்லர் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. குழுவினர் கழுத்தில் தொங்கிய சிலுவைகளை அலுமினியத்தில் செய்து கொடுத்தவர் டூல்மேக்கராக இருந்த ஆஸியின் அப்பா. டியோ காட்டிப் பிரபலமாக்கிய ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் நீட்டுகிற அந்தக் கொம்பு முத்திரைகூட அவருடைய இத்தாலியப் பாட்டி திருஷ்டி படாமல் இருக்கக் காட்டியதுதான். டெத் மெட்டலில் பிணம் வருகிறதென்றால், பட்டினத்தார் பாட்டில் வராததா? போகட்டும்.

ஃபவுண்டரிச் சத்தத்தில் வளர்ந்ததால் மெட்டல் பிடித்தது என்கிறீர்கள். பிளாக் சாபத் பிறந்த இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பற்றியும் இதைத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். ஆலையின் சம்மட்டிச் சத்தம் இசைக்குள் புகுந்ததாம். கேட்க அழகாக இருக்கிறது. சத்தம் மட்டும் போதுமென்றால் கணபதியிலிருந்தும் பீளமேட்டிலிருந்தும் இந்நேரம் நாற்பது பேண்ட் வந்திருக்க வேண்டும். வந்தது மோட்டாரும் பம்பு செட்டும் கிரைண்டரும்தானே? ஆலை அந்த இசைக்குக் கொடுத்தது வேறொன்று. உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததும் அதற்காகத்தான்.

தன்னம்பிக்கை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. உங்களைத் திட்டவில்லை. இல்லை, கொஞ்சம் திட்டுகிறேன்தான். இயோமியின் கதையை வாட்ஸாப்பில் காலை வணக்கத்தோடு அனுப்புகிற கதையாக்கிவிட்டோம். நடந்ததைப் பாருங்கள். இயோமிக்கு அப்போது 17 வயது. தகடு வேலை நடக்கும் ஒரு ஆலையில் வெல்டர். ஜெர்மனிக்குக் கச்சேரி செய்யப் போகிற ஒரு குழுவில் இடம் கிடைத்ததால் வேலையை விட்டாயிற்று. அன்றுதான் கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர் இனிமேல் போகப்போவதில்லை என்றார். ஒப்புக்கொண்ட வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அம்மா திருப்பி அனுப்பினார். தகட்டை அழுத்தும் பிரஸ் மெஷினில் வழக்கமாக நிற்கும் ஆள் அன்று வரவில்லை. பழக்கமே இல்லாத அந்த மெஷினில் இவரை நிறுத்தினார்கள். வலது கையில் நடுவிரல் நுனியும் மோதிரவிரல் நுனியும் போயின. அவர் இடதுகைப் பழக்கக்காரர். ஆகவே தந்தியை அழுத்துகிற கை அந்த வலது கை.

இதில் நீங்கள் மகனுக்குச் சொல்ல வேண்டியது எது? ஆள் குறைந்த நாளில் பழகாத பையனைக் கொண்டுபோய் மெஷினில் நிறுத்தக் கூடாது என்பதுதான். உங்கள் அப்பாவின் ஃபவுண்டரி கண்ட உங்களுக்கு இது தெரியாதா?

எனக்குப் பெரியப்பா மகன் ஒருவர் உண்டு. பாடியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. ராத்திரியில் ஒரு மெல்லிசைக் குழுவில் ரிதம் கிடார் வாசிப்பார். ஆடி மாதம் வந்துவிட்டால் அம்மன் கோயில் கச்சேரிகளுக்கு ஓய்வே இருக்காது. பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் பவர் பிரஸ். காலால் பெடலை மிதித்தால் டை என்கிற அச்சு இறங்கும். தகட்டை உள்ளே தள்ளிய கை அதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி என்பதால் காலுக்கும் கைக்கும் நடுவில் ஒரு ஓட்டம் இருந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் கை பிந்தியது. இடது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும்.

அந்த அண்ணன் கட்டுப் போட்ட கையோடு வீட்டில் கிடந்தபோது எங்கள் தெரு நண்பன் ஒருவன் ஏதோ ஆங்கிலப் பத்திரிகையில் இயோமியைப் பற்றிப் படித்துவிட்டு ஓடி வந்தான். ஆலை மேனேஜர் இயோமியைப் பார்க்க வீட்டுக்கு வந்ததையும், ஒரு ரெக்கார்டைப் போட்டுக் கேட்கச் சொன்னதையும், அதில் வாசித்த ஜாஸ் கிடார்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட் இடது கையில் இரண்டு விரல்களை மட்டும் வைத்துக்கொண்டே தனிவாசிப்பெல்லாம் வாசித்தவர் என்பதையும் ஆவலாகச் சொன்னான். அண்ணன் முழுக்கக் கேட்டார். "அவனுக்கு மேனேஜர் ரெக்கார்டு எடுத்துட்டு வந்தான். என்னைப் பாக்க வந்த சூப்பர்வைசர் வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டுப் போனான்" என்றார். அப்புறம், "சரி, அந்தக் கேசட்டைப் போடு" என்றார்.

ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கிய கேசட் அது. ஏ பக்கம் முழுக்க பிளாக் சாபத்தின் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி', 1971-ல் வந்தது. அண்ணனுக்கு அதுவரை இந்த மாதிரிப் பாட்டு பழக்கமில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர் இரண்டாவது பாட்டு போய்க்கொண்டிருக்கும்போதே எழுந்து உட்கார்ந்தார். "இவன் முழு கார்டு பிடிக்கலைடா. ஸவும் பவும் மட்டும் பிடிக்கிறான். காந்தாரமே இல்ல. மேஜரா மைனரான்னு எப்படித் தெரியும்?" விரலின் கணக்கை ஒரு கிடார்காரர் காதாலேயே பிடித்துவிட்டார். ஸ, க, ப எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும் முழு கார்டுக்கு அத்தனை விரலும் வளைந்து உட்கார வேண்டும். இரண்டு சுரத்துக்கு அவ்வளவு தேவையில்லை. மெட்டலின் தடித்த, இருண்ட, எந்தப் பக்கமும் சாயாத அந்த ஒலி அங்கேதான் இருக்கிறது.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். இயோமி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கினார். சூடான சால்டரிங் கம்பியால் அதில் விரல் நுழைய ஓட்டை போட்டு, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துத் தொப்பி மாதிரி ஆக்கி மாட்டிக்கொண்டார். பிளாஸ்டிக் தந்தியில் வழுக்கியது. பழைய ஜாக்கெட் ஒன்றிலிருந்து தோலை வெட்டி மேலே ஒட்டினார். அப்போதும் கெட்டித் தந்தியை அழுத்தினால் வலித்தது. மெல்லிய தந்தி செட்டாகக் கடையில் கிடைக்காத காலம் என்பதால் பாஞ்சோ என்ற வாத்தியத்தின் தந்தியை வாங்கிக் கிடாரில் கட்டினார். சுருதியை இறக்கினால் தந்தி இன்னும் தளரும். முதல் ஆல்பத்திலேயே இறக்கினார் என்று பலர் சொல்வார்கள், தப்பு. 1970-ல் வந்த இரண்டு ஆல்பங்களும் சாதாரணச் சுருதிதான். மூன்றாவதான 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில்தான் பல பாட்டுகளுக்கு மூன்று கட்டையில் நின்ற அடித்தந்தியை ஒன்றரைக் கட்டைக்குக் கொண்டுவந்தார். வலிக்காமல் இருக்கச் செய்த ஒவ்வொரு ஏற்பாடும் ஒலியை மாற்றிக்கொண்டே போனது. உங்கள் மகனின் டெத் மெட்டல் குழுக்கள் பத்து விரலும் நன்றாக இருந்தும் சுருதியை இன்னும் கீழே இறக்கி வாசிக்கிறார்களே, அவர்கள் பின்பற்றுவது ஒருவரின் வலியை.

அண்ணன் மறுபடி கிடார் தொடவில்லை. தொப்பி செய்து பார்க்கலாம் என்று நண்பன் பிளாஸ்டிக் பாட்டிலோடு வந்தான். நுனி போனால் தொப்பி மாட்டலாம், கணுவோடு போனால் எதில் மாட்டுவது? அவருக்கு விடாமுயற்சி இல்லை என்று சொல்லிவிடுவீர்களா? ஒரே மாதிரி மெஷின், ஒரே மாதிரி அவசரம். அங்கே வெட்டு அரை அங்குலம் மேலே விழுந்தது, இங்கே கீழே விழுந்தது. இதைத் தன்னம்பிக்கை என்று பெயர் சூட்டி ஒரு பையனுக்கு ஊட்டினால், நாளைக்கு எழ முடியாமல் போகிறவனைப் பார்த்து அவன் என்ன நினைப்பான்? இயோமியின் கதையை மகனிடம் தாராளமாகச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலைச் சொல்லுங்கள், தோலைச் சொல்லுங்கள், தந்தியின் தடிமனைச் சொல்லுங்கள். கிடார் கற்கிற பையனுக்கு அதெல்லாம் நிஜமாகவே பயன்படும்.

இப்போது வில்லா பார்க். இதில் உங்களை விடமாட்டேன்.

டிப்டன் வந்து வாசித்தால் கண் கலங்குவீர்கள், ஆஸி உட்கார்ந்து பாடினால் காட்சிப்பொருளா? இரண்டு பேருக்கும் ஒரே நோய். டிப்டன் நிற்கிறார், ஆஸியால் நிற்க முடியவில்லை, அதுதானே உங்களுக்கு உறுத்தியது? நிற்க முடியாதவன் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிற பழைய எண்ணம் அது. அது மெட்டல் ரசிகனுக்கு ஆகாது. டெஃப் லெப்பர்ட் குழுவின் டிரம்மர் ரிக் ஆலன் 1984 கடைசி நாளில் கார் விபத்தில் இடது கையை இழந்தார். அந்தக் கை அடிக்க வேண்டியதைக் காலால் அடிக்க பெடல்கள் வைத்துக்கொண்டு 1986-ல் இங்கிலாந்தின் டானிங்டன் மேடையில் உட்கார்ந்தார். (டெஃப் லெப்பர்ட் மெட்டலே இல்லை என்று எழுதுவீர்கள். எழுதாதீர்கள்.) மெய்டனின் ஆரம்பகால டிரம்மர் க்ளைவ் பர் நோயில் விழுந்தபோது அவருக்காகக் கச்சேரி செய்து பணம் திரட்டியது உங்கள் வரிசையில் முதலில் நிற்கும் அதே மெய்டன்தான்.

வியாபாரம் என்கிறீர்களே, 2025 ஜூலை 5-ம் தேதிக் கச்சேரியின் லாபம் பார்க்கின்சன் ஆராய்ச்சிக்கும் பர்மிங்ஹாம் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கும் தீரா நோயுள்ள குழந்தைகளைப் பராமரிக்கும் ஓர் இல்லத்துக்கும் என்று முதலிலேயே அறிவித்துவிட்டார்கள். அந்த மைதானம் ஆஸி வளர்ந்த ஆஸ்டனில் இருக்கிறது. சின்ன வயதில் மேட்ச் நாட்களில் ரசிகர்களின் கார்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்று காசு வாங்கிய பையன் அவர். அந்த ஊரில், அந்த மைதானத்தில், 20 வருஷத்துக்குப் பிறகு பழைய நாலு பேரும் சேர்ந்து நாலு பாட்டு. முதல் பாட்டு 'வார் பிக்ஸ்'. போருக்கு ஏழைகளை அனுப்பிவிட்டுத் தாங்கள் ஒளிந்துகொள்ளும் அரசியல்வாதிகளைத் திட்டுகிற பாட்டை 76 வயதில் உட்கார்ந்தபடி பாடினார். குரல் அங்கங்கே போனது, தாளம் போகவில்லை. எழ முயன்று முடியாமல் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே ஆடினார். ஜூலை 22-ல் போய்விட்டார். அவரை அங்கே யார் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள் என்கிறீர்கள்? எனக்குத் தெரிந்து அவரே போய் உட்கார்ந்தார்.

பேலஸ் கிரவுண்ட்ஸில் அழுததாக எழுதியிருந்தது பிடித்தது. அதைப் பற்றி வெட்கப்படாதீர்கள். 1991-க்குப் பிந்தைய மெட்டாலிகா பற்றி எனக்குப் பேச விருப்பமில்லை, அந்தச் சண்டையைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுவோம். டியோ விஷயத்தில் பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். 'ஹெவன் அண்ட் ஹெல்' அசைக்க முடியாத ஆல்பம். ஆனால் அதிலும் கிடார் பிடித்தது அதே கைதான் என்பதை உங்கள் வரிசையைத் திருத்தும்போது கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அண்ணன்